நோயாளியின் மனசையும் எழுதுவோம்!



நம்ம வளாகத்தில் லேத், வெல்டிங், சர்வே, மோட்டார் வைண்டிங் என்று படிக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நடுவே வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு காலையில் ஆஸ்பத்திரி பஸ் ஏறுகிற நர்சிங் டிப்ளமோ மாணவிகளாகிய நாங்கள் என்னதான் படிக்கிறோம் என்று பல பேர் கேட்கிறீர்கள். "ஊசி போடத்தானே கத்துக்கிறீங்க?" என்று கிண்டல் பண்ணுகிறவர்களும் உண்டு. ஊசி போடுவது எங்கள் படிப்பில் ஒரு சின்னப் பகுதி. பெரிய பகுதி எதுன்னா, எழுதுவது! எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நோயாளிக்கு இன்று என்ன குறை, அதற்கு நாம் என்ன செய்யப் போகிறோம், ஏன் செய்கிறோம், செய்ததில் பலன் உண்டா என்று எழுதிக் காட்ட வேண்டும். இதற்குப் பெயர் கேர் பிளான். தமிழில் பராமரிப்புத் திட்டம்.

அதிலும் ரொம்பக் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு. நோயாளியின் மனசு, குடும்பம், பிழைப்பு, அக்கம் பக்கம் இவற்றைப் பற்றி எழுதும் பகுதி அது. பாடப்புத்தகம் அதை 'சைக்கோசோஷியல் கேர் பிளான்' என்கிறது. நர்சிங் தோழிகளுக்கு இக்கட்டுரை ஒரு பாடமாக இருக்கட்டும். மற்ற பிரிவு நண்பர்களுக்கு, நாளைக்கு நம்ம வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பாக இருக்கட்டும்.

கேர் பிளான் என்றால் என்ன?

மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு ஜாப் கைக்கு வந்ததும் டிராயிங்கைப் பார்த்து, எந்த வேலை முதலில், எந்த டூல், எவ்வளவு அளவு என்று பிராசஸ் ஷீட் எழுதுகிறீர்களே, அது மாதிரிதான். எங்களுக்கு ஐந்து படிகள்:

1. விவரம் சேகரித்தல்
2. நர்சிங் டயக்னோசிஸ், அதாவது குறையைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லுதல்
3. இலக்கு வைத்துத் திட்டமிடுதல்
4. செய்தல்
5. பலனை மதிப்பிடுதல்

இதில் இரண்டாவது படியில்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். டாக்டர் எழுதுகிற டயக்னோசிஸ் வேறு, நாங்கள் எழுதுவது வேறு. "சர்க்கரை வியாதி" என்று டாக்டர் எழுதுவார். அதே நோயாளியைப் பார்த்து, "இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பயப்படுகிறார்" என்று நாங்கள் எழுதுவோம். வியாதி டாக்டருடைய கணக்கு. அந்த வியாதியோடு அந்த மனுஷன் எப்படி வாழ்கிறார் என்பது நர்சுடைய கணக்கு.

இது எங்கிருந்து வந்தது?

நோயாளியின் மனசைக் கவனிக்கணும் என்பது புதுசாக யாரோ கண்டுபிடித்த விஷயம் கிடையாது. திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருப்பது நமக்குத் தெரியும். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகில் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காவது ஆளைக் கணக்கில் சேர்த்தாரே, அதை நினைத்தால் எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது!

நவீன நர்சிங்கின் தாய் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' என்ற நூலில் ஒரு அத்தியாயத்தையே இதற்கு ஒதுக்கினார். பார்க்க வருகிறவர்கள் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று வெறும் நம்பிக்கை வார்த்தைகளைக் கொட்டுவதும், ஆளாளுக்கு யோசனை சொல்வதும் நோயாளிக்கு எவ்வளவு களைப்பு என்று அதில் விளக்குகிறார். 1952இல் அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லோ, நர்சுக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று எழுதினார். 1961இல் ஐடா ஜீன் ஆர்லாண்டோ, நோயாளியின் நடத்தையைப் பார்த்து நாமே அர்த்தம் பண்ணிக்கொள்ளாமல், நாம் நினைத்தது சரியா என்று அவரிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்றார். 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நர்சுகள் கூடி நர்சிங் டயக்னோசிஸ்களுக்குப் பொதுவான பெயர்ப்பட்டியல் போட ஆரம்பித்தார்கள். 'நாண்டா' என்று எங்கள் புத்தகத்தில் வருகிற பட்டியல் அப்படிப் பிறந்ததுதான். 1977இல் ஜார்ஜ் எங்கல் என்ற டாக்டர், நோயைப் புரிந்துகொள்ள உடம்பு, மனம், சமூகம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார்.

மனநோய் வார்டுக்கு மட்டும்தானா?

"சைக்கோசோஷியல்னா கீழ்ப்பாக்கம் மாதிரி இடத்துக்குப் போஸ்டிங் போகும்போது எழுதுறது" என்று பலரும் நினைக்கிறோம். 1794இல் தொடங்கிய பழமையான மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் காலில் கட்டோடு கிடப்பவருக்கும், முதல் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கும், டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் மனசு என்று ஒன்று உண்டே!

என் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்க அப்பாவுக்கு டி.பி. வந்தது. மருந்து ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, அப்பா மருந்தை நிறுத்திவிட்டார். திரும்பவும் முடியாமல் போனபோது, "ஏன் நிறுத்தினே?" என்று அதட்டினார்களே தவிர, காரணத்தை உட்கார்ந்து கேட்டவர் யாருமில்லை. மருந்து வாங்குகிற வரிசையில் நின்றால் ஊர்க்காரங்க பார்த்துடுவாங்க, பொண்ணுக்கு நாளைக்கு வரன் வராது என்று அப்பா பயந்திருக்கிறார். அவ்வளவுதான் காரணம். பிறகு ஒரு கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அரைமணி நேரம் பேசினார். அப்பா மறுபடி தொடங்கி, முழுசாக முடித்து, இப்போது வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். நர்சிங்கைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த அரைமணி நேரமும் ஒரு காரணம்.

ஆகவே, மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால் அது முதலில் நோயாளியின் வாய்க்குள் போக வேண்டும். போக விடாமல் தடுப்பது பல நேரம் மனசும் சமூகமும்தான்.

ஒரு உதாரணத்தோடு எழுதிப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். 48 வயது கொத்தனார். சர்க்கரை வியாதியால் வந்த கால் புண் அழுகி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்று மூன்றாம் நாள். மனைவி சித்தாள் வேலை செய்பவர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

படி 1: விவரம் சேகரித்தல்

இதில் இரண்டு வகை. நோயாளி தன் வாயால் சொல்வது ஒன்று, நாம் கண்ணால் பார்ப்பது இன்னொன்று.

அவர் சொன்னவை: "இனிமே சாரத்துல ஏற முடியுமா சிஸ்டர்?" "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து தின்ற நெலம ஆயிடுச்சு." "இல்லாத கால் அரிக்குது, இத சொன்னா பைத்தியம்னு நெனப்பாங்க."

நாம் பார்த்தவை: டிரஸ்ஸிங் நேரத்தில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காலைப் போர்வையால் மூடியே வைத்திருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் பார்க்க வந்தபோது தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார். சாப்பாட்டில் பாதி மிச்சம். ராத்திரி தூக்கமில்லை. மனைவி மூன்று நாளாகத் தரையில் படுத்திருக்கிறார், கூலிக்குப் போகவில்லை.

கவனியுங்கள் தோழிகளே, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். "நோயாளி டிப்ரஸ்டாக இருக்கிறார்" என்று எழுதினால் அது நம்முடைய தீர்ப்பு. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து தின்ற நெலம" என்பது ஆதாரம். அடுத்த ஷிப்டில் வருகிற நர்ஸ் அந்த ஒரு வரியைப் படித்தாலே இவரிடம் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று புரிந்துகொள்வார்.

எப்படிக் கேட்பது? நின்றுகொண்டு, கையில் பேனாவோடு, "கவலை இருக்கா? தூக்கம் வருதா?" என்று கேட்டால் "இருக்கு, இல்ல" என்றுதான் பதில் வரும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, வீட்டுக்குப் போனதும் முதல்ல எத நெனச்சா மலைப்பா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டம்!

படி 2: நர்சிங் டயக்னோசிஸ்

இதை மூன்று துண்டாக எழுதச் சொல்லித் தருகிறார்கள். குறை என்ன, எதனால், எப்படித் தெரிந்தது.

அ) தன் உடல் தோற்றத்தை ஏற்க முடியாத நிலை. எதனால்? கால் எடுக்கப்பட்டதால். எப்படித் தெரிந்தது? டிரஸ்ஸிங்கைப் பார்க்க மறுப்பது, காலை மூடியே வைப்பது, நண்பர்களைத் தவிர்ப்பது.

ஆ) பதட்டம். எதனால்? தொழிலும் வருமானமும் போய்விடும் என்ற பயத்தால். எப்படித் தெரிந்தது? சாரத்தில் ஏறுவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பது, தூக்கமின்மை, சாப்பாடு குறைந்தது.

இ) பராமரிப்பவருக்கு மிகுந்த சுமை. எதனால்? மனைவி ஒருவரே ஆஸ்பத்திரியையும் வீட்டையும் பார்ப்பதால். எப்படித் தெரிந்தது? கூலி இழப்பு, தரையில் தூக்கம், களைப்பு.

மூன்றில் எது முதலில்? உயிருக்கு ஆபத்து வரக்கூடியது எதுவோ அதுதான் எப்போதும் முதலில். "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற மாதிரி ஒரு வார்த்தை நோயாளி வாயில் வந்துவிட்டால், மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். "சாகணும்னு தோணுதாங்கய்யா?" என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மனசில் கிடந்ததை இறக்கி வைக்க ஒரு வழிதான் கிடைக்கும். 'ஆமாம்' என்றால் அவரைத் தனியாக விடக்கூடாது, வார்டு சிஸ்டருக்கும் டாக்டருக்கும் உடனே சொல்ல வேண்டும். மாணவி தன் மனசுக்குள்ளே ரகசியமாக வைத்துக்கொள்ளும் விஷயம் அல்ல இது.

படி 3: இலக்கு

"நோயாளி மனநிம்மதி அடைவார்" என்று எழுதுகிறோமே, அதை எந்த அளவுகோலால் அளப்பது? டாலரன்ஸ் போடாத டிராயிங் மாதிரிதான் அது. கண்ணால் பார்க்க முடிகிற மாதிரி, நாள் குறித்து எழுத வேண்டும்.

* இரண்டு நாளுக்குள், டிரஸ்ஸிங் நேரத்தில் ஒரு தடவையாவது தன் காலைப் பார்ப்பார்.
* டிஸ்சார்ஜுக்கு முன், மிச்சமுள்ள கால் பகுதியில் கட்டுத்துணியைத் தானே சுற்றிக் காட்டுவார்.
* நாளைக்குள், தன் பெரிய கவலைகளில் இரண்டைத் தன் வாயால் சொல்வார்.
* மூன்று நாளுக்குள், மனைவி ஒரு ராத்திரியாவது வீட்டில் போய்த் தூங்கும்படி மாற்று ஆள் ஏற்பாடாகும்.

இலக்கு நம்முடைய ஆசையாக மட்டும் இருந்தால் போதாது. அவரிடமே கேட்டு, அவர் சம்மதத்தோடு வைக்க வேண்டும். "உங்களுக்கு முதல்ல எது சரியாகணும்யா?" என்ற கேள்விக்கு, "பொண்ணு பரீட்சைக்கு ஒழுங்காப் படிக்கணும்" என்று அவர் சொன்னால் அதுவும் நம் பிளானில் வர வேண்டும்.

படி 4: செய்தல், அதற்கான காரணம்

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று எழுத வேண்டும். காரணம் எழுதத் தெரியாத வேலையைச் செய்யக்கூடாது என்பது நல்ல விதி.

தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது. ஏன்? சொன்ன நேரத்துக்கு வரும் ஆளிடம்தான் நம்பிக்கை வரும்.

இல்லாத கால் அரிப்பது, வலிப்பது எல்லாம் உண்மையான உணர்வு என்று விளக்குவது. ஏன்? 'ஃபேன்டம் லிம்ப்' என்ற இதற்கு அமெரிக்க டாக்டர் வெயர் மிட்செல் 1871இலேயே பெயர் வைத்துவிட்டார். கால் போனாலும் அதற்கான நரம்பும் மூளைப் பகுதியும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. இதைச் சொன்னதும் "அப்ப நான் பைத்தியம் இல்ல" என்ற நிம்மதி வரும். வலி என்றால் டாக்டருக்கும் தெரிவிக்க வேண்டும், மருந்து உண்டு.

காலைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், நாம் முகம் சுளிக்காமல் டிரஸ்ஸிங் செய்துகொண்டே, புண் ஆறுவதைச் சொல்லிக்கொண்டே போவது. ஏன்? நம் முகம்தான் அவருக்கு முதல் கண்ணாடி.

செயற்கைக் கால் பற்றிச் சொல்வது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968இல் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் வைத்துக்கொண்டு வயல் வேலை செய்கிறவர்கள், சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "நீங்க பழையபடி சாரம் ஏறுவீங்க" என்று நாம் வாக்குக் கொடுக்கக்கூடாது. புண் ஆறி, டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது. முடிந்தால் ஏற்கெனவே செயற்கைக் காலோடு நடக்கும் ஒருவரைச் சந்திக்க வைக்கலாம். நாம் நூறு வார்த்தை பேசுவதைவிட அவர் வார்டுக்குள் நடந்து வருவது பெரிசு.

மருத்துவ சமூக சேவகரிடம் அனுப்பி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் வழி கேட்பது. ஏன்? அவர் பதட்டத்தின் வேர் வருமானம். வேரை விட்டுவிட்டு "கவலைப்படாதீங்க" என்றால் அது காதில்கூட ஏறாது.

படி 5: மதிப்பீடு

இரண்டு நாள் கழித்து, இலக்கு நிறைவேறியதா என்று நேர்மையாக எழுத வேண்டும். "காலைப் பார்க்கவில்லை. ஆனால் 'புண்ணு காஞ்சிருக்கா?' என்று கேட்டார்" என்றால், இலக்கு ஓரளவு நிறைவேறியது என்று எழுதி, கெடுவை நீட்டி, திட்டத்தை மாற்ற வேண்டும். நிறைவேறாத இலக்கு நோயாளியின் குற்றம் ஆகாது. நம் திட்டம் அவருக்குப் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம்.

நினைவில் வைக்க வேண்டிய நாலு விஷயங்கள்

1. ரகசியம்: நோயாளி சொன்னது வார்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். பஸ்ஸில், ஹாஸ்டலில், செல்போனில் போகக்கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயாளியின் விவரங்களுக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையை அச்சட்டம் தருகிறது. நோட்டில் பெயர் எழுதாமல் படுக்கை எண்ணோ முதல் எழுத்தோ எழுதிப் பழகலாம்.

2. பொய் நம்பிக்கை தராதீர்கள்: "எல்லாம் சரியாயிடும்" என்பதைவிட "இப்ப கஷ்டமாத்தான் இருக்கும், நான் பக்கத்துல இருக்கேன்" என்பது மேல்.

3. குடும்பத்தைக் கேட்கும்போது நோயாளியை மறக்காதீர்கள்: பெண் நோயாளி என்றால் மாமியாரோ கணவரோதான் பதில் சொல்வார்கள். அவரிடம் தனியாகவும் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

4. நம் மனசு: போஸ்டிங் முடிந்து வந்து சாப்பிட முடியாமல் அழுகிற தோழிகள் உண்டு. அது பலவீனம் கிடையாது. டீச்சரிடமோ தோழியிடமோ பேசுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். இது எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும்தான். அரியர் வைத்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிற நண்பர்களே, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்!

காப்பி அடிக்க முடியாத பக்கம்

சீனியர் அக்காக்களின் நோட்டைப் பார்த்து எழுதுவது எல்லாப் பிரிவிலும் உள்ள பழக்கம்தான். உடம்பு சம்பந்தமான பகுதியில் ஓரளவு ஒத்துப்போகும். காய்ச்சலுக்கு டெம்பரேச்சர் பார்ப்பது எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் மனசுப் பகுதியில் எல்லா நோட்டிலும் கடைசி வரியாக "மனநல ஆதரவு அளிக்கவும்" என்று இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு வரியால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. கொத்தனாரின் பயம் வேறு, பள்ளிக்கூட டீச்சரின் பயம் வேறு, பிள்ளையில்லாத பாட்டியின் பயம் வேறு. பக்கத்தில் உட்காராமல் இந்தப் பக்கத்தை எழுதவே முடியாது.

கடைசியாக, என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலீஷ் புத்தகத்தில் 'இன்எஃபெக்டிவ் கோப்பிங்' என்று படிக்கும்போது நமக்குப் பயமாக இருக்கிறது. நகரத்துப் பிள்ளைகள் சட்டென்று எழுதிவிடுகிறார்களே என்று தாழ்வாக நினைக்கிறோம். ஆனால் "வயித்த பெசையுது", "மனசு கெடந்து அடிச்சுக்குது", "கையொடிஞ்ச மாதிரி இருக்கு" என்று நோயாளி சொல்கிறபோது, அதன் ஆழம் முழுசும் நமக்குப் புரிகிறதே! கூலி ஒரு நாள் போனால் வீட்டில் என்ன ஆகும் என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லையே! இங்கிலீஷ் வார்த்தையை ஒரு வருஷத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். இந்த அறிவு நாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்த சொத்து. வெட்கப்படாமல் அதை கேர் பிளானில் எழுதுவோம்.

அடுத்த போஸ்டிங்கில் நோட்டைத் திறக்கும் முன் ஸ்டூலை இழுத்துப் போடுங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். மீதி தானாக வரும்.

அனைவரும் நலமோடு படித்து, நல்லபடியாகத் தேறி, நாலு பேருக்கு உதவியாக வாழ என் வாழ்த்துகள்!